ஊர் சுற்றலும் ஒரு கல்வியே!

'ஊர் சுற்றி' என்பது நம் வீடுகளில் ஒரு வசைச்சொல். படிப்பில் நாட்டமின்றித் திரியும் பிள்ளையைப் பெற்றோர் இச்சொல்லால்தான் கடிந்துகொள்வர். அதே பிள்ளை 'கல்விச் சுற்றுலா' என்று ஒரு தாளை நீட்டினால், அதே பெற்றோர் மறுப்பின்றிக் கையொப்பமிட்டுப் பணமும் கட்டுவர். சுற்றுதல் இரண்டிலும் உண்டு. கல்வி எதில் உண்டு என்பதே ஈண்டு நாம் எழுப்ப விரும்பும் வினா.

இவ்வினா நமக்கு ஏட்டிலிருந்து தோன்றியதன்று. சென்ற ஆண்டு பிப்ரவரித் திங்களில் நம் துறை மாணவ மாணவியரை அழைத்துக்கொண்டு தென்மாவட்டங்களுக்குச் சுற்றுலா சென்றோம். நான்கு நாள், பதினேழு இடங்கள். எந்த இடத்தை எத்தனை மணிக்கு அடைவது, எத்தனை நிமிடம் நிற்பது என்று நாமே அட்டவணை வகுத்தோம். அதைத் தட்டச்சு செய்து நிருவாகத்தின் ஒப்புதலும் பெற்றோம். திரும்பி வந்தபின் ஒவ்வொருவரும் பயணக் கட்டுரை எழுதித் தர வேண்டுமெனப் பணித்தோம். நாற்பத்திரண்டு கட்டுரைகள் வந்து சேர்ந்தன. திருத்த அமர்ந்தபோது நமக்குப் பெரிய ஏமாற்றம் காத்திருந்தது. நாற்பத்தொன்றும் ஏறத்தாழ ஒரே கட்டுரை! கோபுரத்தின் உயரம், மன்னன் பெயர், கட்டிய ஆண்டு ஆகியவை வழிகாட்டிப் பலகையிலும் கைப்பேசியிலும் இருந்தபடியே தாளுக்கு வந்திருந்தன. அவற்றை எழுத எவரும் வீட்டு வாயிலைத் தாண்டியிருக்கவே வேண்டியதில்லை.

எஞ்சிய ஒரு கட்டுரை மட்டும் வேறாக இருந்தது. அதில் பதினேழு இடங்களுள் ஒன்றுகூட இல்லை. சாயல்குடிக்கும் வேம்பாருக்கும் இடையே நம் பேருந்தின் பின்சக்கரம் வெடித்து, மாற்றுச் சக்கரத்திலும் காற்றில்லாமல், இரண்டரை மணி நேரம் சாலையோரத்தில் நின்றோமே, அந்த நேரத்தைப் பற்றி மட்டும் ஒரு மாணவி எழுதியிருந்தார்.

சாலைக்கு அப்பால் ஒரு பனங்காடு. அங்கே ஓலைக் குடிசை ஒன்றில் பதநீர் காய்ச்சிக்கொண்டிருந்த ஒரு மூதாட்டியிடம் மாணவியர் சிலர் சென்றிருக்கின்றனர். அக்குடிசைக்கு 'விடிலி' என்று பெயர் என அம்மூதாட்டி சொல்லியிருக்கிறார். பாளையைச் சீவிக் கட்டும் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு பூசுவது ஏன், பூசாவிடில் பதநீர் கள்ளாவது எப்படி, ஆண்பனையை அலகுப்பனை என்றும் பெண்பனையை பருவப்பனை என்றும் பிரித்தறிவது எவ்வாறு, சிரட்டையில் ஊற்றிய பாகு கருப்பட்டியாக இறுகும் பதம் எது என ஒவ்வொன்றாக விளக்கியிருக்கிறார். ஓலைப் பட்டையில் பதநீர் ஊற்றிக் கொடுத்து, காசு வாங்க மறுத்துவிட்டார். அருகில் வெட்டிக் கிடந்த ஒரு பனையைத் தொட்டுப் பார்த்த அம்மாணவிக்கு வகுப்பறை நினைவுக்கு வந்திருக்கிறது. வெளிப்புறம் இரும்பாக இருந்தது. உள்ளே சோறு போன்று மென்மையாக இருந்தது. புறத்தே வயிரம் உடையவற்றைப் புல் என்றும் அகத்தே வயிரம் உடையவற்றை மரம் என்றும் தொல்காப்பியர் மரபியலில் வகுத்துள்ளார் அன்றோ? "தேர்வுக்காக மனப்பாடம் செய்த நூற்பாவை அன்றுதான் நான் படித்தேன்" என்று எழுதிக் கட்டுரையை முடித்திருந்தார்.

அந்த இரண்டரை மணி நேரமும் நாம் என்ன செய்துகொண்டிருந்தோம்? கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டும், ஓட்டுநரைக் கடிந்துகொண்டும், அட்டவணையில் எந்த இரண்டு இடங்களை அடிப்பது என்று கணக்கிட்டுக்கொண்டும் இருந்தோம். மரபியலைப் பல்லாண்டுகளாக நடத்தி வரும் நாம் அந்தப் பனையருகே போகவில்லை. இதை வெட்கத்துடன்தான் எழுதுகிறோம்.

ஆற்றுப்படையில் அட்டவணை இல்லை

வழிச்செலவை ஓர் இலக்கிய வகையாகவே வளர்த்த பெருமை தமிழுக்கு உண்டு. பத்துப்பாட்டுள் சரிபாதி, அதாவது ஐந்து பாட்டுகள், ஆற்றுப்படைகள். பரிசில் பெற்றுத் திரும்பும் ஒருவன், வறுமையோடு எதிரே வரும் மற்றொருவனுக்கு வழி சொல்வதே அவற்றின் அமைப்பு. அவன் வழி சொல்லும் முறையை நாம் கூர்ந்து நோக்க வேண்டும்.

சிறுபாணாற்றுப்படை ஓய்மாநாட்டு நல்லியக்கோடனிடம் செல்லும் வழியைச் சொல்கிறது. எயிற்பட்டினம் சென்றால் பரதவர் சுட்ட குழல்மீன் தருவர். வேலூரில் எயிற்றியர் புளியிட்டு அட்ட சோற்றை இறைச்சியோடு தருவர். ஆமூரில் உழவர் வீட்டு மகளிர் வெண்சோற்றை நண்டுக் கலவையோடு தருவர் என்று அது கூறிச் செல்கிறது. எந்நாளில் எங்கே இருக்க வேண்டும் என்ற கணக்கு அதில் இல்லை. எந்நிலத்தில் எம்மக்கள் வாழ்கின்றனர், அவர்கள் உன்னை எப்படி ஏற்பர் என்பதே அங்கே வழி. போய்ச் சேரும் ஊர் திட்டமாக இருக்கிறது. இடைப்பட்டவை அனைத்தும் மக்களின் விருந்தோம்பலுக்கு விடப்பட்டிருக்கின்றன. தளர்வான பயணம் என்று நாம் கருதுவது இதனையே.

அண்மைக்கால உரைநடையிலும் இம்மரபு தொடர்ந்தது. சிட்டியும் தி. ஜானகிராமனும் காவிரியின் போக்கில் காரில் சென்று எழுதிய 'நடந்தாய் வாழி காவேரி' 1971இல் நூலாயிற்று. ஒரு நதியைத் துணையாகக் கொண்டு, அது செல்லும் வழியில் சென்று, எதிர்ப்பட்ட மனிதரோடு பேசியதால் விளைந்த நூல் அது.

மார்க்கம் தரும் சலுகை

நம் மார்க்கமும் பயணத்தைக் கல்வியாகவே காண்கிறது. பூமியில் சுற்றித் திரிந்து, முன் வாழ்ந்தோரின் முடிவைக் கவனிக்குமாறு திருமறை ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் பணிக்கிறது. ஜகாத் பெறத் தகுதியுடையோர் எண்வகையினருள் வழிப்போக்கரும் ஒருவர். தன் ஊரில் செல்வராய் இருப்பவரும் வழியில் கைப்பொருளின்றி நின்றால் உதவி பெற உரியவராகிறார். நான்கு ரக்அத் தொழுகையைப் பயணி இரண்டாகச் சுருக்கிக்கொள்ளலாம். ஷாபிஈ மத்ஹபின்படி லுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் சேர்த்தும் தொழலாம். நோன்பையும் பிறிதொரு நாளுக்குத் தள்ளி வைக்கலாம். நேரத்தைப் பற்றி இத்துணைக் கண்டிப்புடைய ஒரு மார்க்கம், பயணியைக் கண்டதும் நேரத்தை நெகிழ்த்தித் தருகிறது! மார்க்கமே நெகிழ்த்திய ஒன்றை நம் சுற்றுலா அட்டவணை இறுக்கிக் கட்டுவது விந்தையன்றோ?

இப்னு பதூதாவை நினைத்துப் பார்ப்போம். 1325ஆம் ஆண்டு, இருபத்தொரு வயதில், ஹஜ் ஒன்றையே கருதித் தாஞ்சியர் நகரை விட்டுத் தனியே புறப்பட்டவர், மொராக்கோவுக்குத் திரும்பியது 1349இல். இலங்கையிலிருந்து நம் மாபர்க் கரையை நோக்கி வரும்போது அவருடைய மரக்கலம் புயலில் சிக்கியது. பொழுது புலர்ந்ததும் சமயத்தால் வேறுபட்ட கரையோர மக்களே படகில் வந்து அவரை மீட்டதாக அவர்தம் பயண நூல் சொல்கிறது. அவருடைய திட்டம் கடலில் உடைந்த இடத்தில்தான் நம் மக்களின் நற்பண்பு வரலாற்றில் பதிவாயிற்று.

நம் சமுதாயத்துக்கும் இது புதிதன்று. கீழக்கரையிலும் நாகூரிலும் கடல் கடந்து வணிகம் செய்யச் சென்றோரைச் 'சபராளி' என்று அழைப்பர். சபர் என்றால் பயணம். பருவக்காற்றை நம்பிக் கொழும்புக்கும் பினாங்குக்கும் போனவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். அட்டவணை இல்லாமல் அடுத்த மாவட்டத்துக்குச் செல்ல நாம் அஞ்சலாமா?

நாம் சென்ற வழி

பிறர்க்கு உரைப்பதற்கு முன் நாமே செய்து பார்ப்பது முறை என்று தோன்றியது. எனவே கடந்த கோடை விடுமுறையில் நம்முடன் பணியாற்றும் ஆசிரியர் மூவரோடு, ஒரு வாடகை வேனில், கடற்கரைச் சாலை வழியே புறப்பட்டோம். விதிகள் மூன்றே. நாளொன்றுக்குச் சராசரி நூறு கிலோமீட்டருக்கு மேல் போவதில்லை, இருட்டியபின் ஓடுவதில்லை, கைப்பேசி வரைபடத்தைப் பார்க்குமுன் ஒரு மனிதரிடம் வழி கேட்பது. மூவர் பயணம் சென்றால் ஒருவரைத் தலைவராக்கிக்கொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியபடி, எங்களுள் மூத்தவரைத் தலைவராக்கினோம். பத்து நாளில் ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர்.

சென்னை இராயபுரத்தில் குணங்குடி மஸ்தான் சாகிபு அடங்கிய இடத்திலிருந்து தொடங்கினோம். மரக்காணத்து உப்பளங்களில் ஒரு காலைப்பொழுது கழிந்தது. அவ்வூரையே எயிற்பட்டினம் என்று அறிஞர் சிலர் கருதுவர். பரங்கிப்பேட்டையில் மஃரிபுத் தொழுகைக்கு நின்றோம். தொழுது வெளியே வந்ததும் பெரியவர் ஒருவர் ஊர் கேட்டார், பேர் கேட்டார், பின் இரவுச் சாப்பாட்டுக்கு அழைத்துப் போனார். சீறாப்புராணத்தை முடிக்க உமறுப் புலவருக்குத் துணைநின்ற அபுல்காசிம் மரைக்காயரின் ஊர் அது என்ற பெருமிதம் அவர் பேச்சில் நிறைந்திருந்தது. நாகூர் தர்காவின் மிக உயர்ந்த மினாராவைக் கட்டித் தந்தவர் தஞ்சை மராத்திய மன்னர் பிரதாப்சிங் என்பதை மாணவர்க்குப் பலமுறை சொல்லியிருக்கிறோம். அதன் நிழலில் பல சமயத்தாரும் ஒன்றாக அமர்ந்து இளைப்பாறுவதைக் கண்டபோதுதான் அச்செய்திக்கு உயிர் வந்தது.

வேதாரண்யத்தில் மற்றொரு பயணம் நினைவில் எழுந்தது. 1930 ஏப்ரல் 13ஆம் நாள் இராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து புறப்பட்ட தொண்டர்கள் ஏறத்தாழ 240 கிலோமீட்டர் நடந்து வந்து உப்பெடுத்த கடற்கரை அது. அவர்களுக்கு உணவும் இடமும் தருவோர் தண்டிக்கப்படுவர் என்று அன்றைய தஞ்சை மாவட்ட ஆட்சியர் தார்ன் எச்சரித்திருந்தார். மக்கள் என்ன செய்தனர்? உணவுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டனர். ஆற்றுப்படை காலத்து விருந்தோம்பலை ஆங்கில ஆட்சியின் சட்டத்தாலும் தடுக்க இயலவில்லை.

தொண்டியைக் கடந்து கீழக்கரையை அடைந்தோம். உமறுப் புலவரைப் பாடத் தூண்டிய வள்ளல் சீதக்காதியின் ஊர் அது. பின் காயல்பட்டினம், குமரிமுனை, பீர் முஹம்மது அப்பா அடங்கிய தக்கலை. அங்கிருந்து திரும்பி எட்டயபுரம். ஐயாயிரத்துக்கு மேற்பட்ட விருத்தங்களைப் பாடிய உமறுவின் அடக்கத்தலம் உள்ள ஊரிலேயே பாரதி 1882இல் பிறந்த இல்லமும் உள்ளது. அங்கே நின்றபோது ஓர் உண்மை நமக்குப் புலனாயிற்று. சீறாப்புராணத்துக்கு முன்னுரை சொல்லும்போது பரங்கிப்பேட்டை, கீழக்கரை, எட்டயபுரம் என்னும் மூன்று ஊர்ப் பெயர்களையும் கரும்பலகையில் எழுதிப் போட்டு வந்தோம். அவை மாணவர்க்கு மூன்று சொற்கள். உண்மையில் நமக்கும் மூன்று சொற்களே. ஒரு காப்பியத்தைத் தாங்கிய அம்மூன்று ஊர்களும் ஒரே பயணத்தில் கோக்கத்தக்கவை என்பதைப் பத்து நாள் பயணமே நமக்குக் கற்பித்தது.

குறைகளையும் மறைப்பதற்கில்லை. ஓர் ஊரில் அறை கிடைக்காமல் வேனிலேயே கொசுக்கடியில் இரவைக் கழித்தோம். மற்றோர் ஊரில் நூலகம் அடைத்தபின் போய்ச் சேர்ந்து ஏமாந்தோம். திருச்செந்தூருக்கு அருகே அஸர் நேரம் நெருங்கியபோது தொழ இடமின்றித் திகைத்தோம். பெட்டிக்கடைக்காரர் ஒருவர், நெற்றியில் திருநீறு துலங்க, மூட்டைகளை ஒதுக்கித் தரையைக் கூட்டிக் கொடுத்து, கிழக்கு மேற்கையும் காட்டினார். திட்டமிட்டுச் சென்றிருந்தால் பள்ளிவாசலில் தொழுதிருப்போம். அம்மனிதரைக் கண்டிருக்க மாட்டோம்.

அஞ்சுவோர்க்கு மறுமொழி

பெரியோர் சிலர் மறுப்புரைப்பர் என்பதை அறிவோம். அவர்தம் அச்சத்தில் பொருள் உண்டு. 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர் என்று அரசுக் கணக்கே கூறுகிறது. பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் நெஞ்சு பதறுவது இயல்பு. ஆயினும் நாம் கேட்பது ஒன்றுண்டு. நான்கு நாளில் பதினேழு இடங்களைக் காட்ட வேண்டும் என்றால், ஓட்டுநர் எப்போது உறங்குவார்? மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், 1961, பொதுவாக ஒரு நாளைக்கு எட்டு மணி நேர வேலையையே அனுமதித்தது. நாம் வகுத்த அட்டவணையோ இரவு முழுதும் அவரை ஓட வைத்தது. இறுக்கமான திட்டம் பாதுகாப்பானது என்பது மயக்கம். உண்மையில் அதுவே ஆபத்தானது.

தளர்வு வேறு, பொறுப்பின்மை வேறு. மேடு பள்ளங்கள் எப்படி இருக்குமோ என்று எண்ணிய உமணர், உப்பு வண்டியின் அடியில் சேம அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு சென்றதைப் புறநானூற்றில் ஔவையார் உவமையாக ஆண்டிருக்கிறார். வழியில் என்ன நேரும் என்று அறியாததாலேயே அவர்கள் மாற்று அச்சைக் கட்டினர். நம் பேருந்தின் மாற்றுச் சக்கரத்தில் காற்றே இல்லை! மணிக்கணக்கை வகுத்த நாம், சேம அச்சைச் சரிபார்க்கவில்லை. எதைத் திட்டமிட வேண்டுமோ அதைவிட்டு, எதைத் திறந்து விட வேண்டுமோ அதைத் திட்டமிட்டோம்.

பயணம் துன்பத்தின் ஒரு பகுதி என்றும், கருமம் முடிந்ததும் விரைந்து வீடு திரும்புக என்றும் வரும் நபிமொழியைச் சிலர் எடுத்துக்காட்டலாம். அது நம் தலைமேல் உள்ளது. ஆனால் கருமம் முடிந்தபின் என்பதையும் நோக்க வேண்டும். பதினேழு இடங்களையும் பார்த்து ஒன்றையும் கல்லாமல் திரும்பினால் கருமம் முடிந்ததாகுமா?

மாணவியர் குறித்த தயக்கமே பெரிது. நம் துறையில் பயில்வோருள் பாதிக்கு மேற்பட்டோர் மாணவியர். சுற்றுலா என்றதும் பெயர் கொடுக்காமல் ஒதுங்குவோரும் அவர்களே. பெண் ஆசிரியர்களும் விரும்பும் தாய்மாரும் உடன் வரட்டும். தங்குமிடம் முன்கூட்டியே உறுதியாகட்டும். மார்க்க வரம்புகள் அனைத்தும் பேணப்படட்டும். இவற்றில் தளர்வு வேண்டா. ஆனால் அவர்களைப் பேருந்தின் கண்ணாடிக்குள்ளேயே வைத்து ஊர் காட்டி அழைத்து வருவதை மட்டும் கல்வி என்று சொல்லாதிருப்போம். நாற்பத்திரண்டு பேரில் பனையைப் படித்து வந்தவர் ஒரு பெண்தான் என்பதை மறத்தல் ஆகாது.

நம் வேண்டுகோள்

வரும் ஆண்டுச் சுற்றுலாவுக்கென நிருவாகத்தின் முன்னும் பெற்றோர் முன்னும் ஒரு வேண்டுகோளை வைக்கிறோம். ஆறு நாள், மூன்று ஊர்கள், ஓர் ஊரில் இரண்டு இரவு. தங்குமிடமும் உணவும் மருத்துவ உதவியும் எழுத்தில் உறுதி. ஓட்டுநர் இருவர், இரவு ஒன்பதுக்குமேல் வண்டி ஓடாது. ஒவ்வொரு நாளும் முற்பகல் மட்டுமே ஆசிரியர் வகுத்தது. பிற்பகல் அட்டவணையில் வெற்றிடமாகவே இருக்கும். ஐவர் ஐவராகப் பிரிந்து, ஆசிரியர் துணையோடு, உப்பளத்திலோ வலைபின்னும் கரையிலோ தறி ஓடும் வீட்டிலோ ஒருவரிடம் அமர்ந்து கேட்டு வர வேண்டும். தன் சமயத்தவர் அல்லாத ஒருவரிடமாவது ஒவ்வொருவரும் பேசியிருக்க வேண்டும். கட்டுரையில் கட்டடம் இருக்கலாம். ஆனால் ஒரு மனிதர் கட்டாயம் இருக்க வேண்டும்.

இதனை வெறும் சுற்றுலாச் சீர்திருத்தமாக மட்டும் நாம் கருதவில்லை. நம் பிள்ளைகள் ஒரே தெருவில் பிறந்து, ஒரே பள்ளியில் படித்து, ஒரே வகைச் செய்திகளைக் கைப்பேசியில் பார்த்து வளர்கின்றனர். பிறரும் அவ்வாறே வளர்கின்றனர். ஒருவரைப் பற்றி மற்றவர்க்கு ஐயம் விதைப்பது இக்காலத்தில் எளிதாகிவிட்டது. மூட்டைகளை ஒதுக்கித் தொழ இடம் தந்த கடைக்காரரை நேரில் கண்ட பிள்ளையிடம் அவ்விதை முளைக்காது. பட்டையில் பதநீர் வாங்கிக் குடித்த பிள்ளையிடமும் முளைக்காது. அத்தகைய மனிதர்கள் எந்த அட்டவணையிலும் இல்லை. அவர்கள் வழியில் இருக்கிறார்கள். நாம் சற்றே நின்றால் போதும்.

அடுத்த முறை சக்கரம் வெடித்தால் கைக்கடிகாரத்தைப் பார்க்க மாட்டோம் என்று நம் மாணவர்க்கு இம்மலரின் வழியே வாக்களிக்கிறோம். மாற்றுச் சக்கரத்தில் காற்று இருக்கிறதா என்பதைப் புறப்படுமுன் பார்த்துக்கொள்வோம் என்று பெற்றோர்க்கும் வாக்களிக்கிறோம். வழிப்போக்கர்க்கு உரிமை வகுத்த வல்ல அல்லாஹ், நம் பிள்ளைகளின் பயணங்களைப் பாதுகாப்பானவையாகவும் பயனுள்ளவையாகவும் ஆக்கியருள்வானாக!